மீசைத் தூண்

பழி வாங்குவதில் ஆளுக்கொரு வழி உண்டு. சிலர் கத்தி தீட்டுவார்கள். சிலர் வழக்குப் போட்டு, அது முடிவதற்குள் தாங்களே முடிந்து போவார்கள். இன்னும் சிலர் எதிராளியின் பூனைக்குத் தினமும் பால் வைத்துத் தங்கள் வீட்டுப் பூனையாக்கிக்கொள்வார்கள். அந்த வலி பூனை வளர்த்தவருக்குத்தான் தெரியும். கடுகு டீச்சர் தன் பழியைத் தீர்த்துக்கொள்ளப் பாலர் பள்ளி தொடங்கினாள்.

சிரிப்பு வருகிறதல்லவா? அவள் எதிரில் சிரித்துவிடாதீர்கள். ஆள் கதவுத் தாழ்ப்பாள் உயரம்தான். ஆனால் அவள் முறைத்தால் பொங்க வந்த பால் 'நமக்கேன் வம்பு' என்று பாத்திரத்துக்குள் திரும்பிப் படுத்துக்கொள்ளும். எதிர் டீக்கடைக்காரர் அதைக் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்கிறார். காரம் குறையாத அந்தச் சிறு உருவத்துக்குக் 'கடுகு' என்று பெயர் வைத்தது அவளுடைய தம்பிதான். பெற்றவர்கள் வைத்த பெயரை அரசாங்கமே மறந்துபோயிற்று.

பள்ளி இருந்தது ஒரு வெல்டிங் பட்டறையின் பின்கட்டில். முன்னால் தம்பி கம்பிகளை ஒட்டிக்கொண்டிருப்பான். பின்னால் அக்கா பிள்ளைகளை ஒட்டிக்கொண்டிருப்பாள். நீளமான ஒற்றைக் கூடம், தகரக் கூரை, முழங்கால் உயர நாற்காலிகள், தண்ணீர் வாளிகள், மரத்துண்டுகள். கூடத்தின் நட்டநடுவில் கூரையைத் தாங்கும் ஒரு சிமெண்டுத் தூண். அந்தத் தூணில் பிள்ளைகளின் முக உயரத்தில் கறுப்பு எனாமல் பெயிண்டால் ஒரு மீசை வரைந்திருந்தது. சாதாரண மீசை இல்லை. இரண்டு பக்கமும் அரிவாள் மாதிரி மேலே வளைந்த மீசை. கண் கிடையாது, மூக்கு கிடையாது, வாய் கிடையாது. மீசை மட்டும்.

அந்தப் பள்ளியின் முக்கியமான ஆசிரியர் அந்தத் தூண்தான். யாருக்குக் கோபம் வந்தாலும் அடிக்கக் கூடாது, கடிக்கக் கூடாது, தூணிடம் போய்ச் சொல்ல வேண்டும். "மீசைத் தூணே, அவ என் வண்டியைப் பிடுங்கிட்டா, எனக்குக் கோபம் கோபமா வருது!" என்று கத்தலாம். வேண்டுமானால் ஓர் உதை விடலாம். தூணுக்கு இரண்டே விதிகள்: பேசக் கூடாது, நகரக் கூடாது. சொல்கிறவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டே ஆக வேண்டும். பின்னால் நிற்பவர்கள் வரிசையில் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போதே பாதிக் கோபம் கரைந்து, தங்கள் முறை வரும்போது எதற்கு வந்தோம் என்பதே சிலருக்கு மறந்துவிடும். "தூணே... நான்... எனக்குப் புதுச் செருப்பு" என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளைகள் உண்டு.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "அடடா, எவ்வளவு நல்ல யோசனை டீச்சர்! அந்த மீசை எதுக்கு?" என்று கேட்பார்கள்.

"சும்மா, அழகுக்கு" என்பாள் கடுகு.

அழகுக்காவது ஒன்றாவது! அந்த மீசைக்கு உயிரோடு ஒரு சொந்தக்காரர் இருந்தார்.

அவளுடைய தம்பிக்குச் சின்ன வயதில் பேச்சு தாமதமாக வந்தது. பல் மட்டும் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. அதனால் வாய் செய்ய வேண்டிய வேலையையெல்லாம் பல்லே செய்தது. பொம்மையைப் பிடுங்கினால் கடி. வரிசையில் தள்ளினால் கடி. அம்மா, ஆஸ்பத்திரிப் போர்வைகளைத் துவைத்து இஸ்திரி போடும் சலவைக் கூடத்தில் வேலை செய்தாள். விடிந்தால் போய் இருட்டினால் வருகிறவள். பிள்ளையைப் பாலர் பள்ளியில் விட்டாள். சில வாரத்தில் அங்கிருந்த டீச்சர் அவனைக் கையைப் பிடித்து வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள்.

"இது கடிக்குதும்மா. பல்லெல்லாம் விழுந்து முளைச்சப்புறம் கூட்டிட்டு வாங்க."

"அதுவரைக்கும் இவனை எங்கங்க விடுவேன்?"

"அது உங்க பாடு."

கதவு மூடிக்கொண்டது. கதவுக்கு இந்தப் பக்கம் அம்மா, தம்பி, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கடுகு. 'பல்லன்' என்ற பெயர் அன்றைக்கு அவனுக்கு ஒட்டிக்கொண்டது.

அம்மா வேலைக்குப் போனாள், அக்கா பள்ளிக்கூடம் போனாள், பல்லன் தெருவுக்குப் போனான். தெருவும் ஒரு பள்ளிக்கூடம்தான். அங்கே யாரையும் வெளியே தள்ள மாட்டார்கள். அது ஒன்றுதான் அதன் பெருமை. லாரி நிற்கும் இடத்தில் கிளீனர் பையன்கள் அவனுக்குப் பேச்சுக் கற்றுக்கொடுத்தார்கள், அதுவும் எப்படிப்பட்ட பேச்சு! அவன் முதன்முதலாக முழு வாக்கியம் பேசியபோது அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு லாரித் தார்ப்பாயை அவிழ்க்கக் கற்றான். மீசை அரும்புவதற்குள் ஒருநாள் பெரிய பையன்களோடு சரக்குக் கிடங்குக்குள் இறங்கினான். காவலாளி வந்ததும் மற்றவர்கள் சுவரேறிக் குதித்துவிட்டார்கள். பல்லன் மட்டும் அகப்பட்டான். ஓடத் தெரியாமல் இல்லை. காவலாளியின் கையைக் கடித்தவனுக்கு வாயை விடத் தெரியவில்லை.

அவனைச் சிறுவர் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பினார்கள். ஊரார் அதைப் 'பெரிய வீடு' என்பார்கள். அதன் கண்காணிப்பாளர்தான் மீசைக்காரர்.

பெற்றவர்கள் வந்து பிள்ளைகளைப் பார்க்கும் பார்வை நாளன்று அம்மா கடுகையும் கூட்டிக்கொண்டு போனாள். போர்வை இஸ்திரி போட்ட கையால் தன் புடவையையும் மொடமொடவென்று இஸ்திரி போட்டிருந்தாள், மரியாதையாகத் தெரிய வேண்டுமே என்று. மீசைக்காரர் மேஜைக்குப் பின்னால் நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்து ஆடிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, உன் பிள்ளைக்கு என்ன குறை? ராஜா மாதிரி இருக்கான். ஆமா, இது யாரு? மகளா?"

"ஆமாங்கய்யா."

"இதுவும் கடிக்குமா? கடிச்சா இதையும் கொண்டாந்து விட்டுடு. பொண்ணுங்க இல்லத்திலயும் நம்ம ஆளுங்கதான். கட்டில் காலியா இருக்கு!"

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அவர் சிரித்ததால் பக்கத்தில் நின்ற இரண்டு காவலர்களும் சிரித்தார்கள். மீசையின் இரண்டு முனைகளும் மேலே எழும்பி இறங்கியதைக் கடுகு பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மா சிரிக்கவில்லை. மகளின் மணிக்கட்டைப் பிடித்த பிடி, வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்ட பிறகும் தளரவில்லை. ஒரு பிள்ளையை விழுங்கிய இடம் இன்னொன்றையும் விழுங்கும் என்று அவள் நம்பிவிட்டாள். அதிகாரி சொன்னால் அது தமாஷ் என்று நினைக்க ஏழைக்கு எங்கிருந்து துணிச்சல் வரும்?

அதற்குப் பிறகு அம்மா அந்தப் பக்கமே போகவில்லை. கடுகையும் விடவில்லை. "போனா உன்னையும் பிடிச்சு வச்சுக்குவாங்கடி" என்பாள். உள்ளே பல்லன் ஒவ்வொரு பார்வை நாளும் தலைவாரிக்கொண்டு ஜன்னலோரம் நின்றான். அவன் வெளியே வருவதற்கு முன்பே அம்மா நெஞ்சுச் சளி முற்றிப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

வந்தவன் அக்காவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அம்மா ஏன் வரலை?"

கடுகு நடந்ததைச் சொன்னாள். கட்டில், சிரிப்பு, மீசை, எல்லாம். அவன் தலையைக் குனிந்தபடியே கேட்டான்.

"சும்மா எனக்காகச் சொல்ற. அப்படியெல்லாம் யாராவது சொல்வாங்களா? அவளுக்கு என்னைப் பிடிக்கலை, அவ்வளவுதான்."

"சத்தியமாடா!"

"விடுக்கா."

அவன் விட்டுவிட்டான். கடுகு விடவில்லை. தம்பியை அடைத்ததைக்கூட ஒருநாள் மறந்திருப்பாள். அவனிடமிருந்து அம்மாவைத் திருடியதை எப்படி மறப்பாள்?

முதலில் பெரிய வீட்டைக் கொளுத்திவிடலாம் என்றுதான் நினைத்தாள். தீப்பெட்டியும் வாங்கினாள். போய்ப் பார்த்தால் கட்டடம் முழுக்கக் கருங்கல், கதவும் இரும்பு. கல்லைக் கொளுத்த முடியுமா? டீ போடத்தான் அந்தத் தீப்பெட்டி பயன்பட்டது. டீயை ஆற்றிக்கொண்டிருக்கும்போதுதான் அந்த வார்த்தை மறுபடியும் காதில் ஒலித்தது. கட்டில் காலியா இருக்கு.

'இருக்கா? இருக்கட்டும். காலியாவே இருக்கட்டும். பிள்ளையே இல்லாம அந்த வீட்டைப் பட்டினி போட்டுக் கொல்றேன், பார்' என்று வாய்விட்டே சொன்னாள். டீ ஆறிவிட்டது. அவள் ஆறவில்லை.

பெரிய வீட்டுக்குப் பிள்ளைகள் எங்கிருந்து போகிறார்கள்? காவல் நிலையத்திலிருந்து என்பார்கள் மற்றவர்கள். கடுகுக்குத் தெரியும், பாலர் பள்ளி வாசலிலிருந்து போகிறார்கள். வெளியே தள்ளப்பட்ட வாசலிலிருந்து பத்து வருஷம் நடந்தால் வருகிற வீடுதான் பெரிய வீடு. அதனால் அவள் படித்துத் தேறி, தன் பள்ளியைத் திறந்தபோது வைத்த முதல் சட்டம் இது: எந்தப் பிள்ளையையும் எந்தக் காரணத்துக்காகவும் வாசலுக்கு வெளியே அனுப்பக் கூடாது. கடித்தாலும் சரி, துப்பினாலும் சரி, ஒருமுறை ஒரு வாண்டு டீச்சரின் செருப்பைத் தண்ணீர்த் தொட்டியில் நீந்த விட்டதே, அதற்கும் சரி.

கடிக்கிற பிள்ளைக்கு வார்த்தை கொடுத்தாள். அடித்துக்கொள்ளும் இரண்டு பேருக்கு ஒரே வாளியின் கைப்பிடியைக் கொடுத்து, தளும்பாமல் செடிக்குக் கொண்டுபோகச் சொன்னாள். ஒருத்தன் வேகமாக நடந்தால் இன்னொருத்தன் கால் நனையும். செடிக்குப் போய்ச் சேர்வதற்குள் இருவரும் கூட்டாளிகளாகியிருப்பார்கள். சாயங்காலம் வீடு வீடாகப் போனாள். "உங்க பிள்ளை இன்னிக்கு ஒரு புது வார்த்தை சொன்னான்" என்று நல்லதை மட்டும் சொல்லிவிட்டு வருவாள். பள்ளியிலிருந்து ஆள் வந்தாலே கதவுக்குப் பின்னால் ஒளிந்த அம்மாக்கள், பிறகு நாற்காலி போட்டுக் காத்திருந்தார்கள்.

பார்த்தவர்கள் அன்பு என்றார்கள். தியாகம் என்றார்கள். மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்தினார்கள். கடுகு சால்வையை வாங்கிப் பிள்ளைகள் மூக்குத் துடைக்கத் துண்டுதுண்டாகக் கிழித்துப் போட்டாள். ஒவ்வொரு வாண்டும் அவள் மடியில் உட்காரும்போது, 'இதோ, உன் கட்டில் ஒண்ணு காலி' என்று அவள் மனசுக்குள் மீசையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டது அவளுக்கு மட்டும்தானே தெரியும்.

பிள்ளைகள் வளர்ந்த பிறகும் பிடியை விடவில்லை. பாலத்தடியில் சிகரெட்டோடு நின்ற தாடிக்காரனை ஒருநாள் மடக்கினாள்.

"டேய் உருண்டை, வாயைத் திற."

"டீச்சர், ஃபிரண்ட்ஸ் இருக்காங்க டீச்சர்..."

"அவங்களுக்கும் ஒவ்வொண்ணா பார்க்கறேன். திறடா! இந்தப் பல்லு முளைச்சப்ப ஜொள்ளைத் துடைச்சது நான். இதுல கறை படிஞ்சா எனக்குத்தான் அவமானம்."

கூட்டம் கலைந்தது. அந்தப் பாலத்தடியில் அதற்குப் பிறகு யாருமே வாயைத் திறந்து கொட்டாவிகூட விடவில்லை என்று பேச்சு.

எல்லாரையும் காப்பாற்றிவிட்டாளா என்றால், இல்லை. சிலர் கைநழுவிப் போனார்கள். பெரிய வீட்டில் அவள் பிள்ளை ஒருத்தன் போய்ப் படுத்தான் என்று தெரிந்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. ஆனால் பார்வை நாள் தவறாமல் போய் நிற்பாள், அம்மா போகாத நாட்களுக்கும் சேர்த்து. திரும்பும்போது வாசல் காவலரிடம் கேட்பாள்.

"கட்டில் எப்படி?"

"நிறைய மடக்கிக் கிடங்குல போட்டாச்சும்மா. அய்யா புலம்பிட்டே ரிட்டயர் ஆனாரு. பையனுங்க வரத்தே குறைஞ்சு போச்சாம்."

அன்றைக்கு மட்டும் இரண்டு டீ குடிப்பாள்.

அப்படிப்பட்டவளின் பட்டறை வாசலில் ஒரு காலை, மீசைக்காரரே வந்து நின்றார்.

தலை நரைத்திருந்தது. மீசையும் நரைத்திருந்தது. வளைவு மட்டும் அப்படியே இருந்தது. ஒரு சின்னப் பையனின் மணிக்கட்டைக் கைதி மாதிரி பிடித்திருந்தார். அவருக்கு இவளை அடையாளம் தெரியவில்லை. அம்மாவின் பிடியில் நின்ற ஒரு சிறுமியை எந்த அதிகாரி ஞாபகம் வைத்துக்கொள்வார்?

"நீங்கதான் டீச்சரா? இவன் என் மக வயித்துப் பேரன். மக நர்ஸு, டியூட்டிக்குப் போயிடுவா. எல்லாப் பள்ளிக்கூடத்திலயும் வெளியே அனுப்பிட்டாங்க. இவன்..." குரல் தணிந்தது. "...கடிக்கறான்."

முன்பக்கம் வெல்டிங் சத்தம் பட்டென்று நின்றது. தம்பி முகமூடியை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டு, கையில் கம்பியோடு அசையாமல் நின்றான். குரலைக் கேட்டே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

கடுகின் நாக்கு நுனியில் வார்த்தை ரெடியாக இருந்தது. எத்தனை வருஷமாகச் சாணை பிடித்த வார்த்தை! 'இதைப் பெரிய வீட்டில கொண்டுபோய் விடுங்க சார். கட்டில் காலியா இருக்கு.' சொல்லிவிட்டுச் சிரிக்கவும் தயாராக இருந்தாள். வாயைத் திறந்தாள். அந்த நேரம் பையன் குனிந்து அவள் முழங்கைக்குக் கீழே ஒரு கடி கடித்தான் பாருங்கள்! கடித்தவன் விடவில்லை. விடத் தெரியவில்லை.

அவள் கீழே பார்த்தாள். பயந்த கண்கள், இறுகிய தாடை. அவன் முதுகுக்குப் பின்னால், பத்து வருஷ தூரத்தில், கருங்கல் வீடு வாயைத் திறந்துகொண்டிருந்தது. இவனை வெளியே அனுப்பினால் தன் கையாலேயே ஒரு கட்டிலுக்குப் போர்வை விரித்ததாகும். அது யாருக்கு லாபம்? அந்தப் பாழாய்ப்போன வீட்டுக்கு. எதிரிக்குச் சோறு போட்டா பழி வாங்குவது?

"இடம் இருக்கு" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

தம்பி கம்பியைத் தரையில் போட்ட சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை.

"ஆனா ஒரு விதி இருக்கு சார்." அந்த விதி அந்த நொடியில்தான் பிறந்தது. "கடிக்கிற பிள்ளையைச் சேர்த்தா, கூட்டிட்டு வந்தவங்களும் கூடவே உட்காரணும். பிள்ளை கடியை விடற வரைக்கும். ஒருநாள் வரலைன்னாலும் இடம் போயிடும்."

இடம் எந்தக் காலத்திலும் போகாது என்பது அவளுக்குத் தெரியும். அதை அவரிடம் ஏன் சொல்ல வேண்டும்?

ஆக, நாற்காலியைச் சாய்த்து ஆடிய மனுஷர் முழங்கால் உயர நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால்கள் காதைத் தொட்டன. தண்ணீர் குடிக்க வரிசையில் நின்றார். மூக்கு ஒழுகும் ஒரு மூன்று வயசுக்காரி, "தாத்தா, முந்தாதே" என்று அதட்டினாள். மரத்துண்டுகளை அடுக்கச் சொன்னால் அவர் மதில்சுவர்தான் கட்டினார். பிள்ளைகள் அதில் ஓட்டை போட்டு ரயில் விட்டார்கள். கடுகு தூரத்திலிருந்து பார்த்தாள். அவளுக்குத் தித்தித்தது, ஆனால் போதவில்லை.

மறுநாள்தான் அது நடந்தது. மூக்கு ஒழுகுகிறவளின் பொம்மையை யாரோ பிடுங்கிவிட்டார்கள். அவள் கோபமாகத் தூணை நோக்கிப் போனாள். வழியில் நின்றாள். தூணைப் பார்த்தாள். சின்ன நாற்காலியில் இருந்த தாத்தாவைப் பார்த்தாள். அதே மீசை! இத்தனை நாள் மீசை மட்டும் இருந்த தூணுக்கு இன்றைக்குத் தலை, கை, கால் எல்லாம் முளைத்து வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மீசைத் தூணே!" என்று அவர் முழங்காலில் ஓர் உதை விட்டாள். "அவ என் பாப்பாவை எடுத்துட்டா! எனக்குக் கோபம்!"

"ஏய், என்ன இது? டீச்சர்!"

"தூண் பேசக் கூடாது!" கூடம் முழுக்கக் கத்தியது.

நொடியில் அவருக்கு முன்னால் வரிசை நின்றது. ஊர்ப்பட்ட வழக்கு அவரிடம் வந்தது. ஒருத்தன் அப்பா கத்துகிறார் என்றான். ஒருத்திக்குத் தம்பி பிறந்துவிட்டானாம், அவனைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். அவர் எழப் பார்த்தார். "தூண் நகரக் கூடாது சார்" என்றாள் கடுகு, தேன் வடியும் குரலில். "அப்புறம் இடம்..." அவர் உட்கார்ந்தார். ஒரு பிள்ளை பேசியதைக் கடைசிவரை அவர் கேட்டது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

வரிசையில் அவர் பேரனும் வந்தான். அதுவரை அங்கே ஒரு வார்த்தை பேசாதவன். தாத்தாவின் மீசையைப் பார்த்தான், சிமெண்டு மீசையைப் பார்த்தான், தைரியம் வந்தது.

"தூணே, தாத்தா என்னை பாத்ரூம்ல போட்டுப் பூட்டறாரு. இருட்டா இருக்கு. எனக்குக் கோபம்."

மீசை ஒரு பக்கமாகத் துடித்தது. அவன் கடிக்கவில்லை. சொல்லிவிட்டுத் தண்ணீர் வாளியிடம் போய்விட்டான்.

வரிசை தீர்ந்தது என்று அவர் நினைத்தார். தீரவில்லை. கடைசி வாண்டுக்குப் பின்னால், எரிந்த ஓட்டைகள் விழுந்த சட்டையோடு, கைகளைக் கட்டிக்கொண்டு தம்பி நின்றிருந்தான். பிள்ளைகளோடு பிள்ளையாகக் காத்திருந்து, தன் முறைக்கு வந்திருந்தான். பள்ளி தொடங்கிய நாளிலிருந்து அவன் அந்தத் தூண் பக்கம் போனதே இல்லை.

"தூணே" என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டான். "நான் பல்லன். உங்க வீட்டில இருந்தேன். எங்கம்மா ஒரு தடவை வந்தாங்க. இஸ்திரி போட்ட புடவை. கூட எங்கக்கா. அப்ப நீங்க, கட்டில் காலியா இருக்கு, இதையும் விட்டுட்டுப் போன்னு சொன்னீங்களாம். அதுக்கப்புறம் அம்மா வரவே இல்லை. ஒவ்வொரு தடவையும் நான் தலைவாரிக்கிட்டு நின்னேன்." கொஞ்சம் நின்றான். "அவ்வளவுதான். எனக்குக் கோபம்."

மீசைக்காரர் அவனைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது.

"தம்பி, அது... அது சும்மா ஒரு தமாஷுக்குச் சொன்னது. எல்லா அம்மாக்கள்கிட்டயும் அப்படித்தான் சொல்வேன். யாரும் அதை..."

"தூண் பேசக் கூடாது!" என்று பிள்ளைகள் கூரை அதிரக் கத்தினார்கள்.

ஆனால் தூண் பேசிவிட்டது. தம்பி மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தான்.

"நிஜமாவே சொல்லியிருக்காருக்கா."

"சொன்னேனேடா."

"அப்ப அம்மா, பயந்துதான்..."

"பயந்துதாண்டா. என் கையைப் பிடிச்ச பிடி இன்னும் வலிக்குது."

அவன் பட்டறைக்குப் போய் முகமூடியை இழுத்து மாட்டிக்கொண்டான். வெல்டிங் சத்தம் கேட்கவில்லை. முகமூடிக்குள் கண்ணீரைத் துடைக்க வழியில்லாமல் அவன் பட்ட அவஸ்தையைக் கடுகு பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

இத்தோடு அவள் மனசு குளிர்ந்துவிட்டது, மன்னித்துவிட்டாள் என்று முடித்தால் கதை கேட்க நன்றாகத்தான் இருக்கும். கடுகு அப்படிப்பட்டவள் இல்லையே! 'எல்லா அம்மாக்கள்கிட்டயும்' என்று அவர் சொன்ன ஒரு வார்த்தை அவள் காதில் முள்ளாகத் தைத்திருந்தது. தம்பிக்கும் தைத்திருக்க வேண்டும். அன்று சாயங்காலம் அவன் பட்டறையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு எங்கெங்கோ போய்வந்தான்.

மறுநாள் காலை பேரன் மட்டும் தெரிந்த முகமாக வந்தான். அவனைக் கூட்டிவந்தவர் வேற்றாள் மாதிரி இருந்தார். மேலுதடு மொழுமொழுவென்று வெளுத்திருந்தது. மீசையை மழித்துவிட்டார்!

"தூணைக் காணோம்!" என்று மூக்கு ஒழுகுகிறவள் ஓவென்று அழுதாள். பார்த்து மற்றவர்களும் அழுதார்கள்.

"எடுத்துட்டேன் டீச்சர்" என்றார் அவர், குனிந்த தலையோடு. "போதும்னு தோணிச்சு."

"யாருக்குப் போதும் சார்?" கடுகு அவரை அண்ணாந்து பார்த்தாள். "மீசையை எடுத்தா தீர்ந்துடுமா? வளர்த்துக்கிட்டே வாங்க. வளர்ற வரைக்கும் இப்படி வந்து உட்காருங்க, நான் வரைஞ்சு விடறேன்."

பிள்ளைகள் படம் போடும் கறுப்பு வண்ணத்தையும் தூரிகையையும் எடுத்தாள். பேரன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். "உட்காரு தாத்தா." அவர் சின்ன நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் அரிவாள் வளைவு சரியாக வரும்வரை, நாக்கைத் துருத்திக்கொண்டு, ஆற அமர வரைந்தாள்.

"சீக்கிரம் டீச்சர்" என்றார் வாயை அசைக்காமல்.

"அவசரப்பட்டா முனை கோணிடும் சார். வெளியே ஆள் காத்திட்டிருக்காங்க."

அவர் கண்ணை மட்டும் வாசல் பக்கம் திருப்பினார். பட்டறை வாசலில் தம்பி நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு லாரி டிரைவர், ஒரு கொத்தனார், முடிதிருத்துகிறவர் ஒருவர், கழுத்துப்பட்டை கட்டிய ஆபீஸ்காரர் ஒருவர். இன்னும் பின்னால் யார் யாரோ. எல்லாரும் ஒரு காலத்தில் அவருடைய கட்டில்களில் படுத்தவர்கள். யாரும் சத்தம் போடவில்லை, யாரும் முந்தவில்லை. தலையைப் படிய வாரிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வரிசை டீக்கடையைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, பெரிய வீட்டு வாசல் வரைக்கும் நீண்டிருந்தது என்று டீக்கடைக்காரர் இன்றைக்கும் சத்தியம் செய்வார்.

கடுகு தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஒவ்வொருத்தரா வாங்கப்பா. தூண் நகராது."